ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளோட கேள்விக்குப் பதில் (செக்ஷன் போடாம வந்தா வைவேன்)

கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு இம்புட்டு கேள்வி வரும்னு நெனைக்கல. புதுசா வந்தவங்களுக்கு, மதுரையில சின்ன ஆபீஸ் வச்சிருக்கேன், வீடு கிளினிக் சின்ன ஸ்கூல் பில்டிங்னு ஓடுது, நடுவுல காலேஜ்ல ஜூரிக்குக் (பிள்ளைங்க டிசைனப் பாத்து கேள்வி கேட்டு மார்க் போடுறது) கூப்பிட்டா போவேன். ஒரே கேள்விய நாலு பேரு கேட்டிருந்தா முதல் ஆளுக்குத்தான் ஒழுங்கான பதில், மிச்சப்பேரு மேல போய் படிச்சுக்கங்க.

ஜூரியில அழுதவ: அக்கா, தேர்ட் இயர். கம்யூனிட்டி சென்டர் ப்ராஜெக்ட், சைட் தெப்பக்குளம் பக்கம். மதுரையே தாமரைப்பூ மாதிரிதானேன்னு பிளானை தாமரை ஷேப்ல வச்சேன். ஜூரி சார் ஒரு நிமிஷம்கூட பாக்கல, "அடுத்தது"ன்னுட்டாரு. கான்செப்ட் தப்பா?

பாக்காம அனுப்புனது அவரு தப்பு, அதுல சந்தேகமில்ல. ஆனா தாமரை நீயும் போட்ட, உனக்கு முன்னாடி அஞ்சு பேரும் போட்டிருப்பாங்க. மேல இருந்து பாத்தாத்தான் அது பூ, உள்ள நடக்குறவனுக்கு வளைஞ்ச செவுரு, சேர் டேபிள் ஒட்டாத மூலை, அம்புட்டுதான்.

மதுரையப் பத்தி உண்மையிலேயே எடுக்கணும்னா தெருவ எடு. ஆடி வீதி கோயிலுக்குள்ள, வெளிய சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியா வெளி வீதி. ஒவ்வொரு சுத்தும் ஊர்வலம் போறதுக்கான பாதை. அதுலயும் ஒரு வேடிக்கை பாரு, சித்திரைத் திருவிழாத் தேரு ஓடுறது சித்திரை வீதியில இல்ல, மாசி வீதியில. திருமலை நாயக்கர் திருவிழா மாசத்த மாத்தி வச்சாரு, தெரு பேரு அப்படியே நின்னுபோச்சு. அப்ப தேருக்குத் தெரு எம்புட்டு அகலம் வேணும், மூலையில திரும்ப எம்புட்டு எடம் விடணும், ஜனம் எங்க ஒதுங்கும், திண்ணை என்ன ஒசரம், இதெல்லாம் கேட்டுட்டுப் போ, கான்செப்ட் தானா வரும்.

நீ அனுப்புன ஷீட்டையும் பாத்தேன். தளத்துக்குத் தளம் 3 மீட்டர்னு எழுதிட்டு படி 12 தான் போட்டிருக்க. 150 மில்லிமீட்டர் ஒசரம்னா 20 படி வேணும்மா, உன் படியில ஏற நெட்டக்காலு வேணும். பேஸ்மட்டம் 450 மில்லிமீட்டர், ரேம்ப் நீளம் 2 மீட்டர் காட்டிருக்க, 1:12-ல (1 ஏற 12 நீளம்) கணக்குப் போட்டா 5.4 மீட்டர் வரும், வீல்சேர்ல வர்றவங்க உன் ரேம்ப்ல ஏறவும் முடியாது இறங்கவும் முடியாது. ஒரே ஒரு செக்ஷன் (கட்டடத்த மேல இருந்து கீழ வெட்டிக் காட்டுற படம்) வெட்டியிருந்தா ரெண்டும் மாட்டியிருக்கும். ஷீட்ல செக்ஷன் எங்க?

திருமங்கலம் அப்பா: வணக்கம் மேடம். மகள் பிளஸ் டூ. பி.ஆர்க் சேத்துவிடலாமா, சம்பளம் எப்படி, நாட்டா கட்டாயமா?

வணக்கம் சார். படிப்பு அஞ்சு வருஷம், இஞ்சினியரிங்க விட ஒரு வருஷம் கூட, அதுல ஒரு செமஸ்டர் ஆபீஸ்ல ட்ரெய்னிங். நாட்டாவோ (ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு) ஜேஇஇ ரெண்டாவது பேப்பரோ வேணும், நம்ம கவுன்சிலிங்ல அந்த மார்க்கையும் பிளஸ் டூ மார்க்கையும் சேத்துத்தான் ரேங்க் போடுவாங்க. தேதி, ஃபீஸெல்லாம் அந்த வருஷத்து நோட்டீஸ்ல பாருங்க, என்னைக் கேக்காதீங்க. முத ரெண்டு மூணு வருஷம் சம்பளம் கொறச்சல்தான், ஐ.டி. வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனோட ஒப்பிட்டீங்கன்னா வீட்டுல தெனம் சண்டை. காலேஜ் பாக்குறப்ப கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் கண்டிப்பா பாத்துருங்க, அது இல்லேன்னா படிச்சு முடிச்சும் ரிஜிஸ்டர் பண்ண முடியாது.

மாசி வீதி மாப்ள: மேடம், எங்க ஏரியாவுல இஞ்சினியர்தான் பிளான் போடுறாரு, மேஸ்திரி கட்டுறாரு. ஆர்க்கிடெக்ட் எதுக்கு? சட்டப்படி நீங்க மட்டும்தான் போடணுமா?

இல்ல. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட் பாதுகாக்குறது அந்தப் பட்டப் பேரத்தான். ரிஜிஸ்டர் பண்ணாதவங்க ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கக் கூடாது, டிசைன் வேலையச் செய்யவே கூடாதுன்னு அந்தச் சட்டம் சொல்லலன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அதனால எங்க வேலை நல்லா இருந்தா கூப்பிடுங்க, இல்லேன்னா விட்டுருங்க. ஆனா மாசி வீதிங்கிறதால ஒண்ணு, மீனாட்சியம்மன் கோயிலச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டர் ஒசரக் கட்டுப்பாடு இருக்கு, மேஸ்திரி சொன்னாருன்னு மூணாவது மாடி ஏத்திட்டு அப்புறம் என்கிட்ட வராதீங்க.

ஃபைனல் இயர் பய: தீசிஸ் டாபிக் சொல்லுங்கக்கா. கீழடி மியூசியம் நெனச்சிருக்கேன், இல்லேன்னா ஜல்லிக்கட்டு அரங்கம்.

கீழடி மியூசியம் 2023-லயே தெறந்தாச்சு, அலங்காநல்லூர் பக்கம் அரங்கம் 2024-ல தெறந்தாச்சு. ரெண்டையும் போய் பாரு, எது வேலை செய்யுது எது செய்யலன்னு எழுது, அது நல்ல கேஸ் ஸ்டடி. தீசிஸுக்கு நீ தெனம் பாக்குற தொல்லை ஒண்ண எடு. புது மண்டபத்துல இருந்த தையக்காரங்க, பாத்திரக்கடை, புஸ்தகக்கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துனாங்கள்ல, அந்த மாதிரி ஒரு கடைக்கு நெசமா என்ன எடம் வேணும், மெஷின் எங்க, வெளிச்சம் எங்கிட்டு இருந்து வரணும், துணி எங்க தொங்கும்? இதுல ஒரு தீசிஸ் இருக்கு.

பாதி வெந்த ஷீட்: அக்கா, இன்டர்ன்ஷிப் சென்னை பெரிய ஆபீஸா மதுரை சின்ன ஆபீஸா? சிலர் ஸ்டைபெண்ட் தர மாட்டோம், எக்ஸ்பீரியன்ஸ்தான் சம்பளம்னு சொல்றாங்க.

காசு தராத எடத்துக்குப் போகாத. பஸ் காசும் சாப்பாட்டுக் காசுமாவது கொடுக்க முடியாத ஆபீஸ் உன் நேரத்த எப்படி மதிக்கும்? மெயில்ல எழுதி வாங்கு, வாய்ப் பேச்சு வேணாம்.

பெருசா சின்னதாங்கிறதுக்கு ஒரே பதில் கெடையாது. பெரிய ஆபீஸ்ல டிராயிங் ஒழுங்கு, லேயர், ஃபைல் பேரு வைக்கிறது, கன்சல்டன்ட் மீட்டிங் எல்லாம் கத்துக்குவ, ஆனா ஆறு மாசமும் கதவு ஷெட்யூலே (கதவு அளவுப் பட்டியல்) போட்டுட்டு திரும்பி வந்த பிள்ளைகளையும் பாத்திருக்கேன். சின்ன ஆபீஸ்ல முத வாரமே டேப்பக் கையில குடுத்து மனைய அளந்துட்டு வான்னு அனுப்புவாங்க, பிளான் அப்ரூவலுக்கு டிராயிங் போடுவ, டைல்ஸ் கடையில நிப்ப, கொத்தனார்கிட்ட வசவும் வாங்குவ. இன்டர்வியூவுல நீ ரெண்டு கேள்வி கேளு: என் டிராயிங்க யாரு திருத்துவாங்க, வாரத்துல எத்தனை நாள் சைட்டு? முதலுக்குப் பேரு சொல்லல, ரெண்டாவதுக்குச் சிரிச்சாங்கன்னா வேற ஆபீஸ் பாரு.

வடக்கு ஜன்னல்: மேடம், ஹாஸ்டல் ப்ராஜெக்ட்ல எல்லா ரூமுக்கும் வடக்க பெரிய ஜன்னல், சன்ஷேடே இல்ல. வடக்குல வெயில் வராது, டிஃப்யூஸ்டு லைட்னு புக்ல இருக்கு. வெளியில இருந்து வந்த ஜூரி ஒருத்தர் தப்புன்னாரு, கைடு சரின்னாரு. எது சரி?

தப்புன்னவரு சரி. அந்த புக்கு லண்டனுக்கும் டெல்லிக்கும் சரி. சூரியன் வடக்க அதிகபட்சம் 23.5 டிகிரி அட்சரேகை வரைக்கும்தான் வரும், டெல்லி 28.6-ல இருக்கு, அதனால அங்க உச்சிப்பொழுதுல எப்பவும் தெக்கதான் நிக்கும். மதுரை இருக்கிறது 9.9 டிகிரியில. சித்திரை பொறந்து ஒண்ணு ரெண்டு நாள்ல சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வந்து அப்புறம் வடக்க தாண்டிப் போயிரும், திரும்பி வர்றது ஆவணியில, ஆகஸ்ட் கடைசி. அதாவது அக்னி நட்சத்திரம் பூராவும் உன் ஹாஸ்டலுக்கு வெயிலு வடக்க இருந்து.

வாஸ்து வாத்தியார்: மன்னிக்கணும் மேடம், வடக்கு குபேர திசை, குளுமை. எங்க தாத்தா காலத்துல இருந்து வடக்கு ஜன்னல்தான். நீங்க பிள்ளைகளக் கொழப்புறீங்க.

ஐயா, குபேரனோட எனக்குச் சண்டை இல்ல. ஜன்னல் வைங்க, மேல சன்ஷேடும் வைங்கன்னுதான் சொல்றேன்.

வாஸ்து வாத்தியார்: சூரியன் கிழக்க உதிச்சு தெக்க சாஞ்சு மேக்க மறையும். பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்.

மொட்டமாடியில ஒரு மீட்டர் குச்சி நடுங்க. ஜூன் 21, மத்தியானம் பன்னெண்டேகால் வாக்குல (நம்ம ஊருக்கு உச்சி சரியா 12-க்கு வராது, கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது, நாம 78-ல இருக்கோம்). நெழல் 24 சென்டிமீட்டர், தெக்குப் பக்கம் விழும். நெழல் தெக்கன்னா வெயில் எங்க இருந்து வருது? அதே குச்சிக்கு டிசம்பர் 21-ல நெழல் வடக்க, 66 சென்டிமீட்டர்.

வில்லாபுரம் மொட்டமாடி: அக்கா சொல்றது நெசம். எங்க வீட்டு வடக்கு பால்கனியில மே மாசம் வத்தல் காயுது, தை மாசம் அங்க துணிகூட காயாது.

ஸ்கெட்ச்அப் சிங்கம்: ஆனா அக்கா, நான் ஸ்கெட்ச்அப்ல (3டி மாடல் போடுற சாஃப்ட்வேர்) ஷேடோ ஆன் பண்ணிப் பாத்தேன், மே மாசமும் வடக்குச் செவுத்துல மத்தியானம் வெயிலே விழல. சாஃப்ட்வேர் பொய் சொல்லுமா?

லொகேஷன் மாத்துனியா? மாத்தலேன்னா அதுல இருக்கிறது அமெரிக்காவுல கொலராடோ, போல்டர்னு ஒரு ஊரு, 40 டிகிரி வடக்க. நீ மதுரை ஹாஸ்டலுக்கு கொலராடோ வெயிலப் போட்டு ஜூரிக்குக் கொண்டு போயிருக்க. இது உன் ஒருத்தன் கதையில்ல, ஒவ்வொரு ஜூரியிலயும் ஒரு ஷீட்டாவது இப்படி வருது.

வடக்கு ஜன்னல்: அப்ப நான் என்ன பண்ணட்டும் மேடம்?

ஜன்னல் 1.2 மீட்டர் ஒசரம்னா ஜூன் உச்சி வெயில நிறுத்த ஒரு அடி சன்ஷேடே போதும், வழக்கமான ரெண்டடி தாராளம். ஆனா அந்த மாசங்கள்ல காலையிலயும் சாயங்காலமும் வெயிலு வடகெழக்கு வடமேக்குல இருந்து சாஞ்சு வரும், அதுக்கு ஜன்னலோட ரெண்டு பக்கமும் நிக்கிற மாதிரி பட்டை இறக்கணும், மேல மூடுறது உதவாது. மேக்குப் பக்கம் எந்த சன்ஷேடுக்கும் அடங்காது, அங்க ரூமே வைக்காத, படி, டாய்லெட், ஸ்டோர் தள்ளு, இல்லேன்னா வராண்டா போடு, வேப்பமரம் வை. இத பிளான்ல காட்ட முடியாது, வெயில் கோணத்தோட ஒரு செக்ஷன் போடு.

வாஸ்து வாத்தியார்: பாத்துட்டுச் சொல்றேன்.

நல்லது ஐயா.

காரைக்குடி தீம்: ரிசார்ட் ப்ராஜெக்ட், செட்டிநாடு ஸ்டைல். லாபியில ஆத்தங்குடி டைல், பழைய தேக்குத் தூண் வச்சா போதுமா?

தூண் எந்த வீட்ட இடிச்சு வந்துச்சுன்னு ஒரு தடவை யோசிச்சியா? அது ஒருபக்கம் இருக்கட்டும். ஆத்தங்குடி போய் ஒரு பட்டறையில அரை நாள் உக்காரு. கண்ணாடிய கீழ வச்சு, மேல இரும்பு அச்ச வச்சு, டிசைன் கட்டத்துக்குள்ள கலர் சிமெண்ட கரண்டியால ஊத்துவாங்க, அச்ச எடுத்துட்டு மேல காஞ்ச மணலும் சிமெண்டும் தூவுவாங்க, அதுக்கு மேல ஈரக் கலவை, அப்புறம் தண்ணித் தொட்டியில நாள்கணக்குல ஊறும். சூளையே கெடையாது. கண்ணாடியில இருந்து பிரிக்கிறப்பவே அந்த வழவழப்பு வந்துரும், மிச்சப் பளபளப்பு தெனம் தொடச்சு நடந்து நடந்து வர்றது. செட்டிநாட்டு வீட்டுல முற்றம்தான் விஷயம், மழைத்தண்ணி எங்க விழுது, சூட்டுக் காத்து எப்படி மேல போகுது. முற்றத்த கண்ணாடியால மூடி ஏ.சி. போட்டுட்டு கீழ ஆத்தங்குடி ஒட்டுனா அது வெறும் தரை.

மதுரை வாலு: நாட்டா கண்டிப்பா எழுதணுமா?

மேல பாருங்க.

ஆட்டோகேடா ரெவிட்டா: டிராயிங் போடுற இந்த ரெண்டு சாஃப்ட்வேர்ல எது கத்துக்கட்டும்?

கையால படி டீட்டெயில் போடத் தெரியுமா? தெரிஞ்சா ரெண்டும், தெரியலேன்னா எதுவும் வேணாம்.

போர்ட்ஃபோலியோ பாப்பா: எத்தனை பக்கம் வேணும் அக்கா? ரெண்டர் (கம்ப்யூட்டர்ல நெசம் மாதிரி போடுற படம்) நெறைய போடலாமா? ஏ.ஐ. படம்?

20 பக்கம் தாண்டுனா நான் கடைசி வரைக்கும் பாக்குறதில்ல. மூணு நாலு ப்ராஜெக்ட், ஒவ்வொண்ணுலயும் பிளான், செக்ஷன், ஒரு டீட்டெயில், ஒரு ரெண்டர் போதும். ஏ.ஐ. படம்னா ஏ.ஐ. படம்னு எழுது, மறைச்சா இன்டர்வியூவுல "இந்த பீம் எங்க உக்காருது"ன்னு ஒரு கேள்வியில தெரிஞ்சுரும். குரூப் வேலைன்னா நீ எதச் செஞ்சன்னு எழுது. நாசா (ராக்கெட் இல்ல, ஆர்க்கிடெக்சர் மாணவர் சங்கம்) போட்டி டாக்குமென்டேஷன ஒரே காலேஜ் பிள்ளைங்க ஏழு பேரு தனித்தனியா "நான் வரைஞ்சேன்"னு அனுப்பி வச்சீங்கன்னா எல்லாத்தையும் சேத்துத்தான் ஒதுக்குவேன்.

கோச்சடை: அக்கா, பழைய வீடு ஒண்ண மெஷர்டு டிராயிங் பண்ணணும், பாட்டி வீடுதான். டேப் மட்டும் போதுமா?

நல்ல வேலை, செய். டேப்போட தூக்குக்குண்டும் டியூப் லெவலும் (மட்டம் பாக்குற தண்ணிக் குழாய்) கொண்டு போ. பழைய வீட்டுல எந்த மூலையும் மூலைமட்டத்துக்கு நிக்காது, அதனால ஒவ்வொரு ரூமையும் நாலு செவுரோட மூலைக்கு மூலை குறுக்கேயும் அள, இல்லேன்னா வீட்டுக்கு வந்து வரையிறப்ப ரூம் மூடாது. கதவுக்குக் கதவு தனித்தனியா அளக்காம ஒரு ஓரத்துல ஜீரோ வச்சு ஓட்டமா எழுது, தப்பு சேராது. தரை ஒரே மட்டமா இருக்காது, டியூப் லெவல்ல செவுத்துல சுத்தி ஒரு கோடு போட்டு அதுல இருந்து மேலயும் கீழயும் அள. செவுரு கனத்த ஜன்னல்ல பிடிக்கலாம். முடிச்சுட்டு அனுப்பு, பாக்குறேன்.

ஐந்தாம் செமஸ்டர்: வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேணுமா மேடம்?

ஏப்பா, இவ்வளவு நேரம் என்ன நடந்துச்சு?

வேலைக்குப் போறவன்: முத வேலை, ரெண்டு வாரம் ஆச்சு. சைட்ல சென்ட்ரிங் மேஸ்திரி நான் கேக்குறதுக்கு பதிலே சொல்ல மாட்டேங்குறாரு.

நீ என்னன்னு கேட்ட? "டிராயிங்படி இருக்கா"ன்னு கேட்டா அப்படித்தான். "அண்ணே, இந்த எடத்துல சன்ஷேடு எறக்குறதுக்கு முட்டு எப்படிக் குடுப்பீங்க"ன்னு கேளு, டீ சொல்லிட்டு ஒக்காந்து காட்டுவாரு. கம்பி கட்டி முடிச்சதும் கான்கிரீட்டுக்கு முன்னாடி நாள் சாயங்காலமே போய் கம்பிக்கு அடியில வைக்கிற கவர் பிளாக் இருக்கா, எலெக்ட்ரிக்கல் பைப்பு போட்டாச்சான்னு பாத்து ஃபோட்டோ எடு. காலையில மிக்சர் ஓட ஆரம்பிச்சப்புறம் எதச் சொன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

எனக்கும் நாளைக்கு ஒத்தக்கடை சைட்ல ரூஃப் கான்கிரீட், ஆறு மணிக்கு ஆள் வந்துருவாங்க. பதில் வராத கேள்விகள அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்குறேன், நாட்டா தவிர.