லூலூ ஆப்பரா: இரண்டு அங்கமா, மூன்றா?

நீங்கள் வாங்கிய 'லூலூ' ஆப்பரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) ஒலிப்பதிவில் இரண்டு அங்கங்கள்தான் இருக்கின்றன, நண்பருடையதில் மூன்று இருக்கின்றன, அதில் செர்ஹா என்று ஒரு பெயரும் இருக்கிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். உங்கள் பதிவில் குறை எதுவும் இல்லை. பழையது, அவ்வளவுதான்.

1935இல் 'லூலூ'வின் இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க் இறந்தபோது மூன்றாம் அங்கத்தின் இசை சுருக்க வடிவில் எழுதப்பட்டிருந்தது. எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்ற வாத்திய அமைப்பில்தான் பெரும்பகுதி பாக்கி. அதை யாரும் முடிக்கக் கூடாது என்று அவர் மனைவி ஹெலெனே தடுத்துவிட்டார். 1937இல் சூரிச்சில் முதலில் அரங்கேறியபோதும் இரண்டு அங்கம்தான். வியன்னாக்காரரான இசையமைப்பாளர் ஃப்ரீட்ரிஷ் செர்ஹா 1960களில் இருந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து அதை முடித்தார். ஹெலெனே 1976இல் இறந்தார். 1979 பிப்ரவரியில் பாரிஸில் பிரெஞ்சு இசை நடத்துனர் பியர் பூலேஸ் நடத்த, முழு ஆப்பரா மேடையேறியது. வாங்குவதானால் பூலேஸ் நடத்திய மூன்று அங்கப் பதிவையே வாங்குங்கள்.

ஆனால் செர்ஹாவை "முடித்துக் கொடுத்தவர்" என்று மட்டும் நினைப்பது எனக்கு வருத்தம் தரும். 1926இல் பிறந்தவர். போரில் ஹிட்லரின் ராணுவத்தை விட்டு இரண்டு முறை தப்பி ஓடியவர். 1958இல் இசையமைப்பாளர் குர்ட் ஷ்வெர்ட்சிக்குடன் சேர்ந்து 'டீ ரைஹே' என்ற வாத்தியக் குழுவைத் தொடங்கி, புதிய இசையை வியன்னாவில் தானே நடத்திக் காட்டினார். அவருடைய 'ஷ்பீகல்' என்ற வாத்திய இசை வரிசையைக் கட்டாயம் கேளுங்கள். மெட்டைத் தேடாதீர்கள். ஒலித்திரள் அடர்ந்து, நகர்ந்து, கலைவதைக் கவனித்தாலே போதும். அப்புறம் அவருடைய 'பால்' (Baal) ஆப்பரா, 1981இல் சால்ஸ்பர்க்கில் அரங்கேறியது.