புது முதலாளி வந்த பிறகும் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் ஏன் இன்னும் மோசமாகத் தோற்றது?

தெரிந்தேதான் தோற்றார்கள் என்பது என் கருத்து. 2011 கடைசியில் ஜிம் கிரேன் இந்த அமெரிக்க பேஸ்பால் அணியை வாங்கியபோதே அது அந்த ஆண்டில் 106 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அவர் கொண்டுவந்த பொது மேலாளர் ஜெஃப் லூனோ, சம்பளம் அதிகமுள்ள மூத்த ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இளம் ஆட்டக்காரர்களை வாங்கினார். 2012-ல் 107 தோல்வி. 2013-ல் அமெரிக்கன் லீக்குக்கு (அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய பிரிவுகளில் ஒன்று) மாறினார்கள். முதல் ஆட்டத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸை 8-2 என்று வென்றார்கள். ஆனால் ஆண்டு முடிவில் மொத்தம் 51 வெற்றி, 111 தோல்வி, கடைசி 15 ஆட்டமும் தொடர் தோல்வி!

இதில் லாபம் என்ன? அன்றைய விதிப்படி, கடைசி இடம் பிடிக்கும் அணிக்கே அடுத்த ஆண்டு புதிய ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. அப்படி 2012-ல் வந்தவர்தான் கார்லோஸ் கொரியா. அவரும், அந்தத் தோல்வி ஆண்டுகளிலும் நன்றாக ஆடிய ஹோசே அல்டூவேயும் 2017-ல் வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் பட்டப் போட்டியை வென்ற அணியில் இருந்தார்கள். (அந்த ஆண்டு எந்த மாதிரிப் பந்து வீசப்போகிறார்கள் என்று எதிரணி காட்டும் சைகைகளை கேமரா வைத்துத் திருடியது பின்னால் நிரூபணமானது, அது தனிக்கதை.) ஆனாலும் 2013-ல் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்களுக்கு இது நியாயமே இல்லை.