வாழைப்பழமும் ஆரஞ்சும் கொடுத்தால் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வராதா?

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம், எட்டு மாதக் குழந்தை. தினமும் ஏலக்கி வாழைப்பழமும் ஆரஞ்சு ஜூஸும் கொடுத்தால் லுக்கிமியா என்ற ரத்தப் புற்றுநோய் வராது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வந்ததே, நிஜமா?

"வராது" என்பது மிகை. 2004-இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்றிலிருந்து கிளம்பிய செய்தி இது. இரண்டு வயதுக்குள் வாழையும் ஆரஞ்சும் அடிக்கடி சாப்பிட்ட குழந்தைகளிடம் இந்த நோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் பெற்றோரை ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்லி எடுத்த கணக்கு அது. தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது.

தாய்ப்பாலுக்கு ஆதாரம் இன்னும் கொஞ்சம் வலு. 2015-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆறு மாதமோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு ஆபத்து சுமார் 19 சதவீதம் குறைவு. நோயே அபூர்வம் என்பதால், பவுடர் பால் கொடுத்தவர்கள் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம்.

ஒரு வயது வரை ஜூஸ் வேண்டவே வேண்டாம். நன்றாகப் பழுத்த ஏலக்கியில் பாதியைக் கரண்டியால் மசித்துக் கொடுங்கள். ஆரஞ்சுச் சுளையில் கொட்டையையும் மேல் தோலையும் உரித்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும். பழத்தாலேயே வயிறு நிரம்பினால் பருப்பும் முட்டையும் உள்ளே போகாது, இரும்புச்சத்து குறையும். நம் ஊரில் அன்றாடம் பார்க்கிற பிரச்சினை அதுதான். முளைகட்டிய ராகிக் கூழோடு இரண்டு சுளை கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவும்.

விடாத காய்ச்சல், வெளிறல், காரணமில்லாமல் கன்றிய நீலத் தடம், கால்வலியால் நடக்க மறுப்பது இவை தெரிந்தால் சாப்பாட்டை ஆராயாமல் உடனே டாக்டரிடம் காட்டி முழு ரத்தப் பரிசோதனை எடுங்கள்.