ஐம்பது நாளும் சேதாரக் கணக்கும்

கேள்வி: சேலத்தில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்திய மேலாண்மைக் கழகங்களில் (ஐ.ஐ.எம்.) எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் (CAT) தேர்வுக்கு இன்னும் ஐம்பது நாள்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. பயிற்சி மையத்திலும் சேரவில்லை. அட்டவணை எப்படிப் போடுவது?

பதில்:

நானும் இதே ஐம்பது நாளில் வந்து நின்றவன்தான். 2022இல் தேர்வு நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூஜைக்குப் பட்டறையில் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. அக்டோபர் 8ஆம் தேதி நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். சரியாக ஐம்பது நாள். எங்களுக்குச் சிவதாபுரத்தில் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. கல்லூரியை முடித்துவிட்டு அப்பாவுக்கு உதவியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கொலுசுப் பட்டறையில் இருப்பவனுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது என்பது சேலத்துக்காரரான உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சார்ட் அட்டை வாங்கிவந்து, மூன்று வண்ண ஸ்கெட்ச் பேனாவால் பாடத்திட்டத்தின் 26 தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் என்று கட்டம் போட்டேன். 26 தலைப்புக்கு 52 நாள் ஆகும் என்பதுகூட உறைக்கவில்லை. கணிதமும் கேட்கும் தேர்வுக்குத் தயாராகிறவன் போட்ட கணக்கு அது! நான்காம் நாள் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. இரவு பதினொரு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அட்டவணை அன்றோடு சரிந்தது. அந்த அட்டை பிறகு அம்மாவுக்கு அரிசி டப்பா மூட உதவியது.

சரிந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். பாடத்திட்டத்தை வைத்து அட்டவணை போட்டேன், கையில் இருக்கும் நேரத்தை வைத்துப் போடவில்லை. நீங்கள் இன்றே உங்கள் கையிருப்பை எண்ணிப் பாருங்கள். ஐம்பது நாள், நாளுக்கு மூன்று மணி என்றால் 150 மணி நேரம். அதில் பத்து நாளாவது பண்டிகை, காய்ச்சல், உறவினர் திருமணம், மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாள் என்று போகும். மிச்சம் 120. பத்து மாதிரித் தேர்வுகள் எழுத வேண்டும். ஒன்றுக்கு எழுத இரண்டு மணி, அலச மூன்று மணி என்று ஐம்பது மணி அதற்கே போய்விடும். ஆக, உட்கார்ந்து படிக்க உங்கள் கையில் இருப்பது எழுபது மணி நேரம். இந்த எழுபதில் 26 தலைப்புகள் அடங்காது. எதை விடப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிவிட்டால், படிக்க வேண்டியது தானாக மீந்து நிற்கும்.

விடுவதைத் தீர்மானிக்கத் தேர்வின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். மொத்தம் 120 நிமிடம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஆங்கில வாசிப்பு முதலில், தரவு-தர்க்கம் அடுத்து, கணிதம் கடைசியில். ஒரு பகுதியில் மிச்சப்பட்ட நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துப்போக முடியாது. நான் எழுதியபோது முறையே 24, 20, 22 என்று 66 கேள்விகள். 2024இல் அது 68 ஆனது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தெரிவு வினாவில் தவறினால் 1 குறையும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் குறைப்பு இல்லை. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: சமீப ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் குறைவாக எடுத்தவர்கள் 99 பர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரை முந்திய இடம், வாங்கியிருக்கிறார்கள். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகிய நமக்கு இதை நம்புவது கடினம். நம்பினால்தான் கேள்வியை விடக் கை வரும்.

பழைய தாள்களை எடுக்கும்போது எச்சரிக்கை: 2015 முதல் 2019 வரை தேர்வு மூன்று மணி நேரம், 100 கேள்விகள். 2020இல்தான் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. பழைய தாளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேர அளவை அதிலிருந்து கற்காதீர்கள்.

இனி நான் உண்மையில் பயன்பட்டதாக நினைக்கும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டறையில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்போம், கொலுசாக நிறுத்து வாங்குவோம். இடையில் குறைவது சேதாரம். யாரிடம், எந்த வேலையில், எவ்வளவு சேதாரம் என்று அப்பா பேரேட்டில் எழுதிவைப்பார். ஒரு கிராம் கூடுதலாகக் குறைந்தாலும் அன்றே கேள்வி வரும். முதல் மாதிரித் தேர்வில் 198க்கு 42 எடுத்துவிட்டு நொந்து உட்கார்ந்திருந்தபோது, எழுதப்படாத பழைய பேரேடு ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது. அதில் மூன்று பத்திகள் போட்டேன். தெரியாமல் தவறியவை, தெரிந்தும் தவறியவை, தொட்டிருக்கவே கூடாதவை. 34 கேள்விகளைத் தொட்டிருந்தேன், 18 சரி, 16 தவறு. அந்தப் பதினாறில் ஒன்பது மூன்றாவது பத்தியில் போய் விழுந்தன. அவற்றில் ஏழு குறைப்பு உள்ள கேள்விகள். அந்த ஒன்பதையும் தொடாமல் இருந்திருந்தால், புதிதாக ஒரு சூத்திரமும் படிக்காமலேயே ஏழு மதிப்பெண் கூடியிருக்கும். அவற்றில் மூழ்கிய பதினெட்டு நிமிடமும் கையில் இருந்திருக்கும். நான் அதுவரை படிப்புதான் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் அட்டவணையின் முதல் நாளில் ஒரு முழு மாதிரித் தேர்வை வையுங்கள். தயாராகிவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் கடைசி வாரத்தில்தான் எழுதுகிறார்கள், அப்போது அதிலிருந்து கற்க நேரம் இருப்பதில்லை. முதல் தேர்வின் சேதாரம் அடுத்த வாரத்துக்கான வேலையைச் சொல்லும். பிறகு ஞாயிறுதோறும் ஒன்று, நான்காவது வாரத்திலிருந்து வார நடுவிலும் ஒன்று. ஐம்பது நாளுக்கும் சேர்த்துத் திட்டம் போடாதீர்கள். ஏழு நாளுக்கு மட்டும் போடுங்கள். அடுத்த ஏழு நாளை அடுத்த ஞாயிறு முடிவு செய்யட்டும்.

எழுபது மணியை நான் கணிதத்துக்கு முப்பது, தரவு-தர்க்கத்துக்கு இருபத்தைந்து, வாசிப்புக்குப் பதினைந்து என்று பிரித்தேன். உங்கள் பிரிப்பு வேறாக இருக்கலாம்.

கணிதத்தில் அரித்மெட்டிக்கும் அல்ஜீப்ராவும் சேர்ந்தே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றை மட்டும் ஒழுங்காகப் பாருங்கள். வடிவியலில் முக்கோணமும் வட்டமும் போதும். வரிசைமாற்றம், நிகழ்தகவு எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே வரும் என்றால் சரி, வராது என்றால் இந்த ஆண்டு விட்டுவிடலாம். இன்னொன்று, உங்கள் வேலை உங்களுக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்ததை அட்டவணையில் எழுதாதீர்கள். எனக்குக் கலவைக் கணக்கு புத்தகத்தில் வந்தபோது சிரிப்பு வந்தது. டச் என்பது நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. 80 டச் வெள்ளியையும் 65 டச் வெள்ளியையும் கலந்து 70 டச் வேண்டுமென்றால் ஒன்றுக்கு இரண்டு பங்கு என்று பன்னிரண்டு வயதிலேயே வாயால் சொல்வேன். 70க்கும் 65க்கும் வித்தியாசம் ஐந்து, 80க்கும் 70க்கும் பத்து, அவ்வளவுதான். அதற்கு ஆலிகேஷன் என்று பெயர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியலோ இருப்புக் கணக்கோ பார்க்கிறவர் என்றால் சதவீதத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குவது வீண்.

தரவு-தர்க்கப் பகுதியில் நான்கோ ஐந்தோ செட், அதாவது ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்வித் தொகுப்பு, வரும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து கேள்விகள். இரண்டு செட்டை முழுதாக முடித்தாலே பெரிய காரியம். எனவே இங்கே தேர்ந்தெடுப்பதைத்தான் பழக வேண்டும். நான்கு செட்டுகளை எடுத்துவைத்து, தீர்க்காமல், ஆறு நிமிடத்தில் எது எளிது, எது கடினம் என்று வரிசை எண் மட்டும் போடுங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்க்காமல் நான்கையும் தீருங்கள். நீங்கள் போட்ட வரிசை சரியா என்று பாருங்கள். எனக்கு முதல் பத்து நாள் வரிசை தலைகீழாகவே வந்தது. சின்னதாக இருக்கும் செட் எளிது என்று நினைத்துவிடுவேன். தகவல் குறைவாக இருந்தால் யூகிக்க வேண்டிய நிலைகள் கூடும் என்பது பட்டுத்தான் தெரிந்தது. நீண்ட அட்டவணையோடு பயமுறுத்துகிற செட் பல நேரம் வெறும் கூட்டல் கழித்தல்தான், அதற்குத் திரையிலேயே சாதாரணக் கால்குலேட்டர் கொடுக்கிறார்கள். ஆனால் அதை மவுஸால் அழுத்த வேண்டும். வீட்டிலும் கைபேசிக் கால்குலேட்டரைத் தொடாமல் அப்படியே பழகுங்கள்.

ஆங்கில வாசிப்பு என்னைப் போலத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மலையாகத் தெரியும். சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதில் நான் இரண்டு வாரத்தைத் தொலைத்தேன். தேர்வில் அந்தச் சொற்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததாக நினைவில்லை. வேறொரு வழிதான் கை கொடுத்தது. ஆங்கிலப் பத்தி ஒன்றைப் படித்து முடித்ததும் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று மனதுக்குள் தமிழில் ஒரு வரி சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வந்தால் புரிந்தது என்று அர்த்தம். வராவிட்டால் கண் மட்டும்தான் ஓடியிருக்கிறது. ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். ஐம்பது நாளில் யோசிக்கும் மொழியை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. தத்துவம், சூழலியல், சமூகவியல் சார்ந்த நீண்ட கட்டுரை நாளுக்கு ஒன்று, இருபது நிமிடம், அதுவும் காலையில் முதல் வேலையாக. நான் மாவட்ட மைய நூலகத்துக்கு ஆசையாகப் போய்ப் பார்த்தேன். இடம் அமைதிதான், ஆனால் போய்வருவதிலேயே ஒன்றரை மணி நேரம் கரைந்தது. பட்டறை திறப்பதற்கு முன் அதன் திண்ணையே போதுமானதாக இருந்தது.

இடம் பற்றி இன்னொன்று. நண்பன் ஒருவன் அமைதியாகப் படிக்கப்போகிறேன் என்று நவம்பர் முதல் வாரத்தில் ஏற்காட்டில் மூன்று நாள் அறை எடுத்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மூன்று மாதிரித் தேர்வுகளைச் சுமந்து போய், மூன்றையும் எழுதாமல், பனிமூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். படங்கள் நன்றாக இருந்தன.

கடைசிப் பத்து நாளில் புதிய தலைப்பு எதையும் திறக்காதீர்கள். அனுமதிச் சீட்டில் உங்கள் வேளை இருக்கும். நான் எழுதியபோது காலை 8.30, மதியம் 12.30, மாலை 4.30 என்று மூன்று வேளைகள். எந்த வேளை விழுந்ததோ அந்த நேரத்திலேயே மாதிரித் தேர்வை எழுதுங்கள். விடுப்பு எடுக்க முடியுமானால் ஐம்பது நாளிலும் சிதற விடாமல் இந்தப் பத்துக்குள் சேர்த்து வையுங்கள். எனக்குக் கோவையில் காலை வேளை. சனிக்கிழமை மாலையே ஜங்ஷனில் ரயில் ஏறிப் பெரியம்மா வீட்டில் தங்கினேன். அவர் இரவு பத்து மணிக்குப் பரிமாறிய பரோட்டாவை மறுக்க முடியாமல் சாப்பிட்டதையும் சேதாரத்தில்தான் எழுத வேண்டும்.

தேர்வில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசிப்பும் கணிதமும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போயின. தரவு-தர்க்கத்தில் முதலில் எடுத்த செட்டில் பதினான்கு நிமிடம் சிக்கிக்கொண்டேன். இவ்வளவு நேரம் போட்டாயிற்று, விடக் கூடாது என்ற பிடிவாதம். மறுபடியும் அதே மூன்றாவது பத்தி. மொத்தத்தில் 91 பர்சென்டைல் வந்தது, அந்தப் பகுதியில் 78தான். ஐ.ஐ.எம்.கள் மொத்தத்தோடு ஒவ்வொரு பகுதிக்கும் தனி எல்லை வைக்கின்றன. நான் கேட்டிருந்த இடங்களிலிருந்து அழைப்பு வரவில்லை. உறவினர்கள் 91ஐ மதிப்பெண் என்று நினைத்து வாழ்த்தினார்கள். எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் எனக்குக் கீழே, ஒன்பது பேர் மேலே என்று விளக்கப்போய், அத்தை அந்த ஒன்பது பேர் யார் என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் மாணவர் சேர்க்கையின்போது சேர்த்துப் பார்ப்பார்கள். அதை இப்போது மாற்ற முடியாது என்பதால் அதைப் பற்றி யோசிக்க ஒரு நிமிடமும் ஒதுக்க வேண்டாம்.

அடுத்த மார்ச்சில் அதே பேரேட்டை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர்வதற்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வை எழுதினேன். இரண்டு மணி நேரம், நூறு கேள்விகள், தவறுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் குறையும். கேட் தேர்வுக்குப் படித்தவனுக்கு அது புதிய பாடம் அல்ல, வேகம் மட்டும்தான் கூடுதலாக வேண்டும். நான் எம்.பி.ஏ. சேர்ந்தது அதன் வழியாகத்தான். அதற்கான விண்ணப்ப அறிவிப்பு பொதுவாக ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே வந்துவிடும். கேட் முடிவைப் பார்த்துக்கொண்டு சோர்ந்திருக்கும் நேரம் அது. என் நண்பர்கள் இருவர் அந்தத் தேதியைத் தவறவிட்டார்கள். உங்கள் நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள்.