6 வயதுக் குழந்தை வாயால் மூச்சு விடுகிறான், விரல் சூப்புகிறான், நாக்கைத் தள்ளுகிறான். வீட்டில் பயிற்சி கொடுத்தால் சரியாகுமா?

உங்கள் பையனுக்கு 6 வயது, பகலெல்லாம் வாய் திறந்தே இருக்கிறது, தூங்கும்போது கட்டைவிரல் வாயில், பல் டாக்டர் "நாக்கைத் தள்ளுகிறான்" (அதாவது விழுங்கும்போது நாக்கால் முன்பல்லை இடிக்கிறான்) என்று சொல்லி ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார், அதை வீட்டில் செய்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மகளுக்கு இதே வயதில் இந்த மூன்றும் இருந்தன, ஒன்பது மாதம் தினமும் அவளோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்த அம்மா என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்தத் தாளை ஓரமாக வையுங்கள். மூக்கைப் பார்க்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் இரண்டு வருடம் என் மகளிடம் "வாயை மூடு, வாயை மூடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போட்டோ எடுக்கும்போது, டிவி பார்க்கும்போது, பாடம் எழுதும்போது. ஒரு நாள் அவள் "மூடினா மூச்சு முட்டுதும்மா" என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பல மாதம் கழித்து காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார்: அடினாய்டு சதை வீங்கி மூச்சு போகிற வழியை ஏறக்குறைய மறைத்துக்கொண்டிருந்தது. குழந்தை சொன்னது அப்படியே உண்மை. அந்த வாக்கியம் இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அடினாய்டு, மூக்குக்குப் பின்னால் தொண்டைக்கு மேலே மறைந்திருக்கிற சதை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் டான்சில் தெரியும், இது தெரியாது. அதனால் "தொண்டையைப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அது போதாது. பெரும்பாலும் 3 வயதிலிருந்து 7 வயது வரை பெரிதாக இருந்து, பிறகு மெல்ல மெல்லத் தானே சுருங்கும். சரி, சுருங்கும்வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் முகமும் தாடையும் நன்றாக வளர்கிற வருடங்கள் அவை, அதை வாய் திறந்தபடி கழிக்க விடக்கூடாது. அடினாய்டு மட்டுமில்லை, அலர்ஜியால் வருகிற நிரந்தர மூக்கடைப்பு, பெரிய டான்சில், மூக்கின் நடுத்தண்டு வளைந்திருப்பது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். என் மகளுக்கு அலர்ஜியும் சேர்ந்திருந்ததால் டாக்டர் மூக்கில் அடிக்கிற ஸ்பிரே சில வாரம் கொடுத்தார், உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொன்னார், அவளுக்கு அதிலேயே வழி திறந்துவிட்டது. சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வழி திறந்த பிறகும் அவள் வாய் மூடவில்லை. இங்கேதான் பயிற்சி வருகிறது. வருடக்கணக்காக வாயால் மூச்சு விட்ட குழந்தைக்கு உதட்டுத் தசை தளர்ந்திருக்கும், நாக்கு கீழே படுத்தே பழகியிருக்கும், மூக்கு சரியான செய்தி உடம்புக்கு எட்டியிருக்காது. அதை எட்ட வைக்கிற வேலைதான் இது.

இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். உதடு மூடி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல், நாக்கு முழுவதும் மேலே அண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில், லேசாக ஒட்டியிருந்தால் அதுதான் அதன் இடம். அப்படி இருக்கும்போது கன்னம் வெளியிலிருந்து தருகிற அழுத்தத்துக்கு நாக்கு உள்ளிருந்து ஈடு கொடுக்கும், மேல்தாடை அகலமாக வளரும். நாக்கு கீழே விழுந்துவிட்டால் கன்னத்தின் அழுத்தம் மட்டும் மிஞ்சும். அண்ணம் குறுகி உள்பக்கம் குழிந்துபோகும், பற்களுக்கு இடம் போதாது. வில்லியம் புரோஃபிட் என்ற பல் சீரமைப்பு நிபுணர் 1978-இல் இதை விளக்கி எழுதியிருக்கிறார். அவர் சொன்னதன் சாரம், பல் நகர்வதற்குப் பலமான அழுத்தம் தேவையில்லை, லேசான அழுத்தம் நீண்ட நேரம் இருந்தாலே நகரும் என்பது. விழுங்கும்போது நாக்கு பல்லை இடிக்கிற நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான் தேறும். சும்மா இருக்கும்போது நாக்கு எங்கே கிடக்கிறது என்பதோ மணிக்கணக்கு. அதனால் நாக்கு தள்ளுவதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் பார்க்காதீர்கள், நாக்கு ஓய்வெடுக்கிற இடத்தை மாற்ற வேண்டும். நாங்கள் செய்த எல்லாப் பயிற்சியும் இந்த ஒன்றுக்காகத்தான்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். இதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்த பல் டாக்டர்களும் இருக்கிறார்கள். முதல் பாடம் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது. பையனை "லா" என்று சொல்லச் சொல்லுங்கள், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஒரு மேட்டைத் தொடும். அதுதான் இடம். அப்புறம் "தா" என்று சொல்லச் சொல்லுங்கள், நுனி பல்லிலேயே இடிக்கும். அது வேண்டாத இடம். லா வீடு, தா வெளியே என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். முதலில் பத்து விநாடி அங்கே வைத்திருப்பது, பிறகு ஒரு நிமிடம், பிறகு ஒரு கதை படித்து முடிக்கும்வரை. கதை நான் படிப்பேன், அவள் உதட்டை மூடி, நாக்கை லாவில் வைத்து, மூக்கால் மூச்சு விட்டபடி கேட்பாள்.

நுனி மட்டும் மேலே போனால் பாதி வேலைதான், நாக்கின் நடுவும் பின்பக்கமும் மேலே ஒட்ட வேண்டும். அதற்குத்தான் சொடுக்குதல். முழு நாக்கையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டி "டொக்" என்று விடுவது, குதிரை நடக்கிற சத்தம் மாதிரி. அது வந்த பிறகு சொடுக்காமல் ஒட்டியபடியே வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்வார்கள், நாக்குக்கு அடியில் இருக்கிற மெல்லிய நாண் இழுபட்டுத் தெரியும். ஒட்டியபடியே மெதுவாகக் கடித்து மூட வேண்டும். பார்க்க எளிது, என் மகளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒன்று கவனியுங்கள்: எவ்வளவு முயன்றாலும் நாக்கு மேலே எட்டவில்லை, அல்லது நீட்டும்போது நுனி இதய வடிவத்தில் பிளந்து தெரிகிறது என்றால் அந்த நாண் குட்டையாக இருக்கலாம், பயிற்சியைத் திணிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உதட்டுக்குப் பொத்தான். பெரிய தட்டையான பொத்தானில் உறுதியான நூலைக் கோர்த்து, பொத்தானை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்து, நூலை நாம் மெதுவாக இழுக்க, பல்லால் கடிக்காமல் உதட்டால் மட்டும் அவன் பிடித்துக்கொள்ள வேண்டும். நூலின் மறுமுனை எப்போதும் உங்கள் கையில். குழந்தை தனியாக இதைச் செய்யவே கூடாது, தொண்டையில் போய்விடும். மூச்சுக்கு நாங்கள் செய்தது இன்னும் எளிது, ஒரு வாய் தண்ணீரை விழுங்காமல் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் மெதுவாக நடப்பது. வாயில் தண்ணீர் இருந்தால் மூக்கால்தானே மூச்சு விட்டாக வேண்டும். அதற்கு முன் மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்யுங்கள், ஒரு பக்கத்தை மூடி மறுபக்கம், இரண்டையும் சேர்த்து அழுத்திச் சிந்த வேண்டாம். சளி பிடித்த நாட்களில் இந்தப் பயிற்சி கிடையாது.

விழுங்குவதைக் கடைசியில்தான் எடுத்தார்கள். கைக்குழந்தை நாக்கை முன்னால் தள்ளித்தான் விழுங்கும், அது இயற்கை. பல் முளைத்து, மென்று சாப்பிடப் பழகும்போது மெல்ல மாறி, பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் நாக்கு மேலே போய்விடும், சிலருக்கு மாறாமலே நின்றுவிடும். உங்கள் பையன் தண்ணீர் குடிக்கும்போது மோவாயைப் பாருங்கள். தோல் சுருங்கிக் குழி குழியாகத் தெரிந்தால், உதடு இறுகினால், நாக்கு செய்ய வேண்டியதை முகத் தசை செய்கிறது. பயிற்சி என்னவென்றால், ஒரு மிடறு தண்ணீர், நுனி லாவில், பின்பற்களைக் கடித்து, உதட்டைச் சிரிப்பது போல விரித்து, கண்ணாடியைப் பார்த்தபடி விழுங்குவது. பல்லிடுக்கில் நாக்கும் தண்ணீரும் எட்டிப் பார்க்கக் கூடாது. முதல் வாரம் சட்டையெல்லாம் நனையும். நாக்கு நுனியில் சின்ன ரப்பர் வளையம் வைத்துச் செய்கிற முறையும் உண்டு, அதைப் பயிற்சியாளர் முன்னால் மட்டும் செய்யுங்கள்.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ஆனால் உண்மையில் அவளை மாற்றியது அந்த இருபது நிமிடம் இல்லை. வீடு முழுக்கச் சின்னச் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டினோம். கண்ணாடி, எழுதுகிற மேஜை, டிவி ஓரம், தண்ணீர் பாட்டில். ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் உதடு, நாக்கு, மூக்கு மூன்றையும் அவளே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், நான் எதுவும் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். "வாயை மூடு" என்ற வார்த்தையை அன்றோடு விட்டேன். நான்காவது மாதத்தில் ஒருநாள் அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள், உதடு தானாக மூடியிருந்தது. நான் மூச்சுக்கூட விடாமல் அந்தப் பக்கம் கடந்துபோனேன்.

விரல் சூப்புவதற்கு வருகிறேன். பெரும்பாலான குழந்தைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாமாக விட்டுவிடுவார்கள். 6 வயதில் நிரந்தர முன்பற்கள் வரத் தொடங்கும், அதனால் இப்போது தள்ளிப்போடாதீர்கள். அழுத்தத்தைவிட நேரம்தான் முக்கியம் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதே கணக்கு இங்கேயும்: பகலில் அவ்வப்போது பலமாகச் சூப்புகிற குழந்தையைவிட, இரவு முழுக்க விரலை வாயில் வைத்தபடி தூங்குகிற குழந்தைக்குப் பல் அதிகம் பாதிக்கும். கசப்பு மருந்து தடவுவது, அடிப்பது, மற்றவர்கள் முன்னால் கேலி செய்வது எதுவும் வேண்டாம். விரல் அவனுக்கு ஆறுதல், ஆறுதலைப் பிடுங்கினால் அதிகமாகத் தேடுவான். நாங்கள் அவளிடமே கண்ணாடியில் காட்டினோம், பல்லைக் கடித்தாலும் முன்னால் ஒரு ஜன்னல் மாதிரி திறந்திருந்ததை. "விரல் போற வழி" என்று அவளே பெயர் வைத்தாள். இரவில் அவள் சம்மதத்தோடு முழங்கையில் துணிக் கட்டு, கொஞ்சமும் இறுக்காமல், கை மடங்கும்போது ஒரு நினைவூட்டல் அளவுக்கு மட்டும். விரல் போகாத இரவுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம். ஐந்து வாரத்தில் விட்டாள், நடுவில் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் திரும்பிப் போனாள், நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். இந்த யோசனை புதிதில்லை, ஆல்ஃபிரட் ராஜர்ஸ் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் 1918-லேயே வாய்த் தசைப் பயிற்சி பற்றி எழுதியிருக்கிறார். ஆனாலும் ஆய்வுகள் இன்னும் சிறியவை. தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பற்றி 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் பயிற்சிக்குப் பிறகு குழந்தைகளுக்கு அந்தத் தடைகள் சுமார் 62 சதவீதம் குறைந்ததாக இருக்கிறது, நம்பிக்கை தருகிற எண்தான், ஆனால் அதில் இருந்த குழந்தைகள் 25 பேர். என் மகளுக்கு முன்பல் ஜன்னல் பெரும்பாலும் மூடிவிட்டது, குறட்டை நின்றது. ஏற்கெனவே குறுகிய அண்ணம் பயிற்சியால் விரியவில்லை, அதற்கு பல் டாக்டர் தனியாக விரிவுபடுத்தும் கருவி வைத்தார். நாக்கு பழகியிருந்ததால் கருவியை எடுத்த பிறகும் நிற்கிறது என்றார். நாக்கை மாற்றாமல் கிளிப் மட்டும் போட்டால் பல் திரும்பப் பழைய இடத்துக்கு வர வாய்ப்பு அதிகம். பேச்சில் "ச" குழறினால் அதற்குப் பேச்சுப் பயிற்சி தனியாக வேண்டும், பலூன் ஊதுவதாலும் விசில் அடிப்பதாலும் உச்சரிப்பு திருந்தாது.

இரவில் குழந்தையின் வாயில் டேப் ஒட்டுகிற வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். மூக்கு அடைத்த குழந்தைக்கு அது ஆபத்து, வாந்தி வந்தால் இன்னும் ஆபத்து.

டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு மூன்று இரவு, அவன் நன்றாகத் தூங்கிய பிறகு, முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி சத்தத்தோடு சில நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். குறட்டை, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, தலையணை நனைவது, மூச்சு சில விநாடி நின்று திடுக்கென்று இழுப்பது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போவது, இதில் எது இருந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள். மூச்சு நிற்பது தெரிந்தால் அடுத்த வாரம் என்று தள்ளாமல் உடனே போங்கள். நாங்கள் எடுத்த நாற்பது விநாடி வீடியோவைப் பார்த்த பிறகுதான் அந்த டாக்டர் கேமராவைக் கையில் எடுத்தார்.