உருட்டி முடித்த கல்லில் பளபளப்பு ஏன் வரவில்லை?

கேள்வி: வீட்டிலேயே கல்லைப் பொடியோடும் தண்ணீரோடும் போட்டு உருட்டி பாலிஷ் போடும் மெஷின் வாங்கி, நான்கு கட்டங்களையும் கையேட்டில் சொன்னபடி ஒரு மாதம் ஓட்டினேன். கல் வழவழப்பாக இருக்கிறது, ஆனால் பளபளப்பு இல்லை. பாலிஷ் பவுடரை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: அவசரப்பட்டு பவுடரை மாற்றாதீர்கள். கடைசிக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற குறை பெரும்பாலும் முதல் கட்டத்திலோ, இடையில் கழுவும்போதோ உண்டானதாக இருக்கும். ஒரு கல்லை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. குழிகளும் விரிசல்களும் தெரிந்தால் முதல் கட்டத்தைச் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். பரப்பு ஒழுங்காக இருந்து மயிரிழைக் கீறல்கள் மட்டும் ஓடினால், முந்தைய கட்டத்துச் சொரசொரப்புப் பொடி கொஞ்சம் பாலிஷ் கட்டத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதிக்கு மேல் அதுதான். 60/90 எண் சிலிக்கான் கார்பைடு பொடி (எண் சிறிதானால் பொடி சொரசொரப்பு) ஒன்றுதான் கல்லை உண்மையிலேயே தேய்த்து உருவம் கொடுக்கிறது, அடுத்து வரும் 120/220 பொடியும் 500 பொடியும் முன்னால் விழுந்த கீறல்களை மெலிதாக்குமே தவிர ஒரு குழியைக்கூட நிரவாது. கையேட்டில் ஒரு வாரம் என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வாரத்தில் பொடி நொறுங்கி வெறும் சேறாகிவிடும், அதற்கு மேல் ஓட்டினாலும் பெரிதாகத் தேயாது. அதனால் வாரம் ஒருமுறை, கல் உருளும் டப்பாவான பேரலைத் திறந்து, கழுவி, ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்துப் பாருங்கள். குழியில்லாததைத் தனியே எடுத்து வையுங்கள், மற்றதைப் புதுப் பொடியோடு திரும்பப் போடுங்கள். சில கற்களுக்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகும், கல்லும் கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே போகும். அதற்காக வருத்தப்பட வேண்டாம், குழியோடு மிஞ்சுகிற பெரிய கல்லைவிடக் குழியில்லாத சின்னக் கல்தான் அழகு.

அடுத்தது கழுவுவது. மூடியின் உள்விளிம்பு, ரப்பர் பேரலின் மடிப்புகள், கல்லின் வெடிப்புகள், இந்த மூன்று இடத்திலும்தான் பொடி ஒளிந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். முடிந்தால் பாலிஷுக்கென்றே தனி பேரல் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் கட்டத்துக்கு முன்னால் சோப்புத் துருவலும் தண்ணீரும் மட்டும் போட்டு சில மணி நேரம் ஓட்டினால் மிச்சமீதியும் வந்துவிடும். வெடிப்பு ஆழமாக இருக்கும் கல்லை அலுமினியம் ஆக்சைடு என்ற பாலிஷ் பவுடர் போடும் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது, அந்த ஒரு கல் மொத்த பேரலையும் கெடுத்துவிடும்.

இன்னொன்று, அளவு. பேரல் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்குவரை நிறைந்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கற்கள் சரிந்து உருளாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மோதும், ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக அடிபட்ட தடம் தெரியும். தேயத் தேயக் கல் குறையுமல்லவா, அந்த இடத்தைச் சின்னச் சின்ன செராமிக் துண்டுகளால் ஈடுகட்டுங்கள். தண்ணீர், மேலாக இருக்கும் கற்களுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும்.

பாலிஷ் நன்றாக ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: கல்லை நனைத்து எப்படி மின்னுகிறது என்று பாருங்கள், காய்ந்த பிறகும் அதே மாதிரி இருந்தால் வேலை முடிந்தது.

கேள்வி: கையில் கிடைத்த எந்தக் கல்லையும் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடக்கூடாது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் 7-ஐ ஒட்டி வரும் குவார்ட்ஸ், அகேட், ஜாஸ்பர் ஆகியவைதான் புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றவை. கால்சைட் வெறும் 3, அதை அகேட்டோடு சேர்த்தால் அகேட் வடிவம் பெறுவதற்குள் அது கரைந்தே போயிருக்கும். பெயர் தெரியாத கல்லா, எஃகுக் கத்தி முனையால் கீறுங்கள். கோடு விழுந்தால் மென்மையான கல், தனியே வையுங்கள். ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்புக்கல் வகை. கையில் தேய்த்தால் மணல் மணலாக உதிர்கிற கல் எத்தனை மாதம் ஓட்டினாலும் மின்னாது.

கேள்வி: ஆற்றிலும் கடலிலும் மணல்தானே கல்லை உருட்டி வழவழப்பாக்குகிறது, காசு கொடுத்து பொடி வாங்குவதற்குப் பதில் மணலைப் போட்டால் என்ன?

பதில்: மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது நீங்கள் தேய்க்க நினைக்கிற கல்லின் கடினம்தான் அதற்கும். சிலிக்கான் கார்பைடு 9-க்கு மேல், உடையும்போதும் கூர்மையாகவே உடைகிறது. அதனால்தான் இயற்கைக்கு எத்தனையோ காலம் பிடிக்கிற வேலையை அது வாரக்கணக்கில் முடிக்கிறது. ஆற்றுக் கல் காய்ந்தால் மங்கிவிடுவதையும் கவனித்திருப்பீர்கள், படிப்படியாக நைசாகிற பொடி அங்கே கிடையாது.

கேள்வி: மிச்சமான சேற்றை சிங்க்கில் ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. குழாய்க்குள் படிந்து சிமென்ட்டாக இறுகிவிடும், அப்புறம் குழாயையே மாற்ற வேண்டிவரும். வாளியில் தெளியவைத்து, மேல் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, அடியில் நிற்கும் சேற்றைக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். காய்ந்த பிறகு அது தூசியாகப் பறக்காமல் பையில் கட்டிப் போடுவது முக்கியம்.

கேள்வி: பெரிய கற்களைச் சுத்தியலால் உடைத்துப் போட பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அனுமதிக்கலாமா?

பதில்: உடைப்பது பெரியவர்கள் வேலையாகவே இருக்கட்டும். சில்லு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவே முடியாது, கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். கல்லைத் தடித்த துணியில் சுற்றி, நனைத்துவிட்டு உடையுங்கள், மூக்கை மூடும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருவது அதனால்தான். மெஷினுக்குள் எல்லாம் ஈரத்திலேயே நடப்பதால் அங்கே அந்தப் பயமில்லை. கழுவுவது, குழி பார்த்துப் பிரிப்பது இரண்டையும் பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம், பெரியவர்கள் கண்ணுக்குத் தப்புகிற குழியை அவர்கள் பிடித்துவிடுவார்கள்.