ஒற்றைப்படை இடங்கள் யாருக்கு?

கேள்வி: முற்போக்குக் கட்சிகளில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் விதி போட்டுப் பொறுப்புகளை ஒதுக்குகிறார்கள். விரும்பியவருக்கு வாக்களிக்கும் உறுப்பினரின் உரிமை இதனால் பறிபோகவில்லையா?

பதில்: ஓரளவு பறிபோகத்தான் செய்கிறது, அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால், எந்தக் கட்சியிலும் வாக்குச்சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. யார் பெயரை யார் முன்மொழிவது, இரவில் வெகுநேரம் நீளும் கிளைக் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருக்க யாரால் முடியும் என்பவையெல்லாம் எழுதப்படாத ஒதுக்கீடுகளே. எழுதப்பட்ட விதியையாவது மாநாட்டில் எதிர்த்துப் பேசலாம், திருத்தலாம். ஜெர்மனியின் பசுமைக் கட்சி 1986-இல் ஏற்றுக்கொண்ட விதிப்படி, வேட்பாளர் பட்டியலில் (கட்சி பெறும் வாக்குகளுக்கு ஏற்ப மேலிருந்து வரிசையாக இதிலுள்ளவர்கள் உறுப்பினர்களாவார்கள்) 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்கள் பெண்களுக்கு உரியவை. இரட்டைப்படை இடங்களில் எவரும் போட்டியிடலாம். பெண்களுக்கு உச்சவரம்பு இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

கேள்வி: வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கட்சிப் பேராளர் கூட்டத்தின் வாக்கும் அந்த விதியும் மோதிக்கொண்டால்?

பதில்: அதே கட்சியில், சார்லாந்து மாநிலத்தில், 2021 நாடாளுமன்றத் தேர்தலுக்கான பட்டியலைத் தயாரித்தபோது மோதின. முதலிடத்துக்கு நின்ற பெண்ணுக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் போக, பேராளர் கூட்டம் அந்த இடத்தை ஓர் ஆணுக்கு அளித்தது. அந்தப் பட்டியல் ரத்தாகிக் கட்சிக்குள் மறுதேர்வு நடந்தபோது, சார்லூயி மாவட்டப் பேராளர்கள், அதாவது மொத்தப் பேராளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், தங்கள் தேர்வில் முறைகேடு நடந்ததாகக் கட்சியின் நடுவர் மன்றம் கூறியதால் வாக்களிக்க அனுமதிக்கப்படவில்லை. புதிய பட்டியலின் முதலிடத்தில் ஒரு பெண் இருந்தார், விதி நிறைவேறியது. ஆனால், தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் குழு அந்தப் பட்டியலை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 5 அன்று கூட்டாட்சித் தேர்தல் குழுவும் அதையே உறுதிசெய்தது. அந்தத் தேர்தலில் சார்லாந்தில் பசுமைக் கட்சிக்கு எவராலும் கட்சி வாக்கு, அதாவது பட்டியலுக்கான வாக்கு, அளிக்க முடியவில்லை. இரண்டாவது பட்டியலை வீழ்த்தியது ஒதுக்கீடு அன்று. வாக்களிக்க வேண்டிய பேராளர்களையே வெளியில் நிறுத்தியதுதான்.

கேள்வி: கிளை எதிர்த்தும் தலைமை எங்கள் தொகுதியைப் பெண்களுக்கு ஒதுக்கினால் என்ன செய்வது?

பதில்: பிரிட்டனின் தொழிற்கட்சி 1993-இல் சில தொகுதிகளில் பெண்களிலிருந்து மட்டுமே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1996-இல் தொழில் தீர்ப்பாயம் அது சட்டவிரோதம் என்றாலும், ஏற்கெனவே தேர்வானவர்கள் நீடித்ததால், 1992-இல் 37 ஆக இருந்த அக்கட்சியின் பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கை 1997-இல் 101 ஆயிற்று. பலன் தராத விதி என்று அதைச் சொல்லவே முடியாது. 2002-இல் சட்டம் மாறி மீண்டும் அனுமதிக்கப்பட்ட அதே முறையை 2005 தேர்தலுக்காக வேல்ஸின் பிளைனை குவென்ட் தொகுதியில் உள்ளூர் உறுப்பினர்களை மீறித் தலைமை திணித்தபோது, அக்கட்சியின் உள்ளூர் அரசியல்வாதி பீட்டர் லா கட்சியிலிருந்து விலகிச் சுயேச்சையாக நின்று, அதுவரை கட்சியின் கோட்டையாக இருந்த அந்தத் தொகுதியை வென்றார். எனவே, ஒதுக்கீட்டை எதிர்த்துத் தீர்மானம் போடுவதைவிட, எந்தெந்தத் தொகுதிகள் என்பது போட்டியாளர்களின் பெயர்கள் தெரியவரும் முன்பே, அனைவரும் அறிந்த ஒரே அளவுகோலில் முடிவாக வேண்டும் என்று உங்கள் கிளை கேட்கட்டும். தனக்கு வேண்டாத ஒருவரை ஓரங்கட்டவே தலைமை அந்த விதியை எடுத்திருந்தால், இந்தக் கோரிக்கைக்குத்தான் முதலில் தயங்கும்.